மெல்லிய ஆணுறை கிழிந்தது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 31, மனைவிக்கு 27. பத்து மாதக் குழந்தை இருக்கிறது, இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார். அடுத்த குழந்தைக்கு இரண்டு மூன்று வருடம் இடைவெளி வேண்டும் என்பதால் ஆணுறை பயன்படுத்துகிறோம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த நிரோத், பிறகு கடையில் பத்து உறை 90 ரூபாய்க்கு ஒரு பெட்டி. இரண்டிலும் உணர்வே இல்லாத மாதிரி இருந்தது. மனைவிக்கு எரிச்சல் வேறு. அதனால் பத்து உறை 260 ரூபாய்க்கு ‘அல்ட்ரா தின்’ வாங்கினேன். பெட்டியில் ‘எக்ஸ்டென்டட் பிளெஷர்’ என்றும் போட்டிருந்தது. அதில் உணர்வு கூடவில்லை. சொல்லப்போனால் மரத்துப்போன மாதிரி இருந்தது. நான்காவது தடவை உறை கிழிந்துவிட்டது. அன்றைக்கு எரிச்சல் தெரியாமலிருக்கக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தோம். அது நடந்து இன்றோடு 16 நாள். இனி மெல்லியதே வேண்டாம் என்கிறார் மனைவி. ஆன்லைனில் 0.03 மில்லிமீட்டர் ஜப்பான் உறை, பத்து 750 ரூபாய் என்று பார்த்தேன். வாங்கலாமா? மெல்லிசாக இருந்தால் பாதுகாப்பு குறையுமா? விலை ஏன் இவ்வளவு ஏறுகிறது? கூட்டுக் குடும்பம் என்பதால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன்: பயன்படுத்தியதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாமா?

பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்

பதில்: உறையின் தடிமனைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த 16 நாள். உறை கிழிந்தால் சாப்பிடும் அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 72 மணி நேரம் கெடு. காப்பர்-டி பொருத்திக்கொள்வதென்றால் 5 நாள். இரண்டும் தாண்டிவிட்டன. கிழிந்த நாளிலிருந்து 21 நாள் முடிந்ததும் வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் செய்வது நல்லது. ‘நிஷ்சய்’ என்ற கிட்டை கிராம சுகாதாரச் செவிலியரிடம் இலவசமாகக் கேட்டு வாங்கலாம்; மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். ஒரே கோடு வந்தாலும் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று காத்திருப்பது உங்கள் விஷயத்தில் உதவாது. பால் கொடுக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் வராமலும் இருக்கலாம், தாறுமாறாகவும் வரலாம். பால் கொடுத்தால் கரு தங்காது என்ற நம்பிக்கைக்கு மூன்று நிபந்தனை உண்டு: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுத்திருக்கக் கூடாது, மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. பத்து மாதக் குழந்தை என்றதுமே முதல் நிபந்தனை அடிபட்டுவிடுகிறது.

இரண்டு கோடு வந்தால் உடனே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இருவரின் முடிவு. வேண்டாம் என்றால், கருத்தடை தவறியதால் வந்த கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகச் சாப்பிட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகள். மெல்லிசு என்பதால் உறை கிழிந்தது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கிழித்தது தேங்காய் எண்ணெய். மரத்துப்போனதற்கும் தடிமனுக்கும் சம்பந்தமில்லை. அது உறைக்குள் இருந்த மருந்தின் வேலை. இரண்டையும் சரிசெய்தாலே 750 ரூபாய்ப் பெட்டிக்குத் தேவை இருக்காது.

எண்ணெய் விஷயம்தான் பெரியது. லேடெக்ஸ் என்பது இயற்கை ரப்பர் பால். எண்ணெய் பட்டால் ரப்பர் அதை உறிஞ்சி உப்பி, வலுவை இழக்கும். கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மினரல் ஆயில் பட்ட 60 விநாடியிலேயே லேடெக்ஸ் உறையின் வலு ஏறக்குறைய 90 சதவீதம் போய்விட்டதாக 1989-லேயே ஆய்வுக்கூடத்தில் காற்றடைத்து அளந்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பேபி ஆயில், வாசலின், நெய், வெண்ணெய், உடலில் பூசும் லோஷன், மசாஜ் தைலம் எதுவும் லேடெக்ஸ் பக்கம் வரக் கூடாது. பலர் கவனிக்காத இன்னொன்று, பெண்ணுறுப்பில் வைக்கும் சில பூஞ்சைக்கொல்லி மருந்துகள். குளோட்ரிமசோல் போன்ற கிரீம்களிலும் உள்ளே வைக்கும் மாத்திரைகளிலும் இருக்கும் எண்ணெய்ப் பசை உறையைக் கெடுக்கும். அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களிலும், முடிந்து சில நாட்கள் வரையிலும் லேடெக்ஸ் உறையை நம்ப வேண்டாம்.

எண்ணெய் தேவைப்பட்டது ஏன் என்பதையும் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். அதனால் பெண்ணுறுப்பு வறண்டிருக்கும், உள்தோல் மெலிந்திருக்கும். ஆசைக்குறைவால் வருவதல்ல இது, உடலின் இயல்பு. பால் மறக்கடித்த பிறகு தானாகச் சரியாகும். உறையின் மேல் தொழிற்சாலையில் தடவி அனுப்பும் வழுவழுப்பு அரை கிராம் அளவுதான். வறண்ட இடத்தில் அது சில நிமிடங்கூடத் தாங்காது. பிறகு ரப்பர் தோலில் உரசும். அவருக்கு எரிச்சல், உங்களுக்கு உணர்வின்மை, உறைக்குக் கிழிசல் என்று மூன்றும் சேர்ந்தே வரும்.

இதற்கு மருந்து தண்ணீர் அடிப்படையிலான ஜெல். மெடிக்கல் ஷாப்பில் ‘லூப்ரிகன்ட் ஜெல்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். ‘வாட்டர் பேஸ்டு’ என்று டியூபில் எழுதியிருக்கிறதா பாருங்கள். சிலிக்கான் அடிப்படையிலானதும் லேடெக்ஸுக்குச் சரி. சீக்கிரம் காயாது, விலை அதிகம். ‘நேச்சுரல்’, ‘ஹெர்பல்’ என்று மட்டும் போட்டிருக்கும் ஜெல்லில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படிக்காமல் வாங்க வேண்டாம். வீட்டிலிருக்கும் கற்றாழை ஜெல்லுக்கும் இதே விதி. எச்சில் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும்.

எவ்வளவு தடவுவது? உறை போடுவதற்கு முன் அதன் நுனிக்குள் ஒரே ஒரு சொட்டு. அதிகமானால் உறை வழுக்கிக் கழன்றுவிடும். போட்ட பிறகு வெளியே ஒரு தேக்கரண்டி, மனைவிக்கு இன்னொரு தேக்கரண்டி. நடுவில் உலர்வதாகத் தோன்றினால் நிறுத்தி மறுபடி தடவுங்கள். உணர்வைக் கூட்ட மெல்லிசு உறையை விட இந்த உள்சொட்டு அதிகம் உதவும் என்பது என் கருத்து. உறை தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்காமல் நுனியில் சற்றே நழுவும். மெல்லிசுக்குப் பணம் கொடுத்து வாங்குகிற அந்த நெருக்கம் இதிலேயே பாதி வந்துவிடும்.

மரத்துப்போன கதைக்கு வருவோம். ‘எக்ஸ்டென்டட் பிளெஷர்’, ‘கிளைமாக்ஸ் டிலே’, ‘லாங் லாஸ்டிங்’ என்று போட்டிருந்தால் அந்த உறையின் நுனிக்குள் பெரும்பாலும் பென்சோகெயின் இருக்கும். தோலை மரக்கவைக்கும் மருந்து அது. விந்து சீக்கிரம் வெளியேறுவதைத் தள்ளிப்போட அதை வைக்கிறார்கள். நீங்கள் கூடுதல் உணர்வுக்காக 260 ரூபாய் கொடுத்து உணர்வைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். ஒரே பெட்டியில் இரண்டையும் எழுதி விற்பதில் கம்பெனிக்கு ஒரு சங்கடமும் இல்லை. பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் பென்சோகெயின் என்று இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இருந்தால் மீதி ஆறு உறையையும் பயன்படுத்த வேண்டாம். அந்த மருந்து மனைவியின் மேல் பட்டால் அவருக்கும் மரக்கும். சிலருக்கு ஒவ்வாமையாகி எரியும்.

மெல்லிசு எவ்வளவு மெல்லிசு? சாதாரண லேடெக்ஸ் உறையின் சுவர் சுமார் 0.065 முதல் 0.07 மில்லிமீட்டர். அது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். ‘தின்’, ‘அல்ட்ரா தின்’ என்று விற்பவை பெரும்பாலும் 0.04-லிருந்து 0.055-க்குள் இருக்கும். இந்தப் பெயர்களைச் சூட்டுவது கம்பெனிகள்தான். ஒரு கம்பெனியின் அல்ட்ரா தின் இன்னொன்றின் வெறும் தின்னாக இருக்கலாம். மில்லிமீட்டர் கணக்கைப் பெட்டியில் போட்டிருந்தால் மட்டும் ஒப்பிட முடியும். அதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உலகின் மிக மெல்லிய லேடெக்ஸ் உறை என்று 2013 இறுதியில் கின்னஸ் சான்று பெற்ற அயோனி என்ற சீன உறையே சராசரியாக 0.036 மில்லிமீட்டர்தான். லேடெக்ஸ் பெட்டியில் ‘0.03’ என்று பார்த்தால் 0.03-க்கும் 0.04-க்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சுவர் மெலிந்தால் உடல் வெப்பம் சீக்கிரம் கடக்கும், சின்ன அசைவும் தெரியும். அந்த வித்தியாசம் உண்மையானதுதான், ஆனால் பலர் எதிர்பார்ப்பதை விடச் சிறியது. தடிமனை விடப் பொருத்தம் அதிகம் சொல்லும். தளர்ந்த உறை சுருங்கி மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் ரப்பர் இரண்டு மூன்று அடுக்காகிவிடும். மெல்லிசு வாங்கியும் பலனில்லை. இறுக்கமான உறையில் அடி வளையம் கவ்வி மரக்கும், விறைப்பும் தளரலாம். ரப்பர் ஏற்கெனவே இழுபட்டு நிற்பதால் கிழியவும் செய்யும்.

அதனால் ஒரு முறை அளந்துவிடுங்கள். முழு விறைப்பில் நடுத்தண்டைச் சுற்றி நூலோ காகிதப் பட்டையோ வைத்துக் குறித்து, ஸ்கேலில் அளவு எடுங்கள். அதில் பாதியைக் கணக்கிட்டு 4 முதல் 6 மில்லிமீட்டர் கழித்தால் நீங்கள் தேட வேண்டிய அகலம் வரும். சுற்றளவு 11 சென்டிமீட்டர் என்றால் பாதி 55, உறை 49 முதல் 51. சுற்றளவு 12 என்றால் பாதி 60, உறை 54 முதல் 56. பெட்டியில் ‘நாமினல் விட்த் 52 ± 2 மி.மீ.’ என்பது போல எழுதியிருக்கும். உறையைத் தட்டையாக வைத்து அளந்த அகலம் அது. நம் கடைகளில் 49-லும் 52, 53-லும்தான் பெரும்பாலும் கிடைக்கும். 55-க்கு மேல் வேண்டுமென்றால் தேட வேண்டும். நிரோத்தில் உணர்வில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அகலம் என்ன என்று எழுதவில்லை. ஒரு வேளை அதன் தடிமனைக் குற்றம் சொல்வதே தவறாக இருக்கலாம்.

மெல்லிசில் பாதுகாப்பு குறையுமா? பரிசோதனையில் தேறுவதற்கான மதிப்பெண் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். இயற்கை ரப்பர் உறைக்கு உலகம் முழுக்கப் பின்பற்றும் தரம் ஐஎஸ்ஓ 4074. தடிமன் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. உறை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கிறது. 50-லிருந்து 56 மில்லிமீட்டருக்குள் அகலமுள்ள உறை வெடிப்பதற்குள் குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்க வேண்டும், அழுத்தம் 1 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க 300 மில்லி தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் மாதிரி எடுத்துச் செய்யும் சோதனைகள் இவை. இது போக, கம்பெனியில் ஒவ்வொரு உறையையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரம் பாய்ச்சி ஓட்டை பார்க்கிறார்கள். நிரோத்தானாலும் அல்ட்ரா தின்னானாலும் இதைத் தாண்டித்தான் வெளியே வரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 பிப்ரவரியில் ‘ஒன்’ என்ற உறைக்குப் புது அனுமதி தந்தபோது சாதாரணம், மெல்லியது, அளவுக்கேற்றது மூன்றையும் சேர்த்தே தந்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 504 ஆண்கள் பங்கெடுத்தார்கள். ஆண்-பெண் உறவில் கிழிந்ததும் கழன்றதுமாகச் சேர்த்து நூற்றுக்கு இரண்டுக்குக் கீழ்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மைதான். தேறும் மதிப்பெண் ஒன்றானாலும், தடித்த உறை அந்த மதிப்பெண்ணைத் தாண்டி நிறையக் கையிருப்பு வைத்திருக்கும். மெல்லிசில் அந்தக் கையிருப்பு குறைவு. சரியாகப் பயன்படுத்துகிறவருக்கு அதனால் வித்தியாசம் தெரியாது. நகம் பட்டது, வெயிலில் கிடந்தது, எண்ணெய் பட்டது, காய்ந்த பிறகும் தொடர்ந்தது என்று ஒரு தப்பு நேர்ந்தால் தடித்தது சில சமயம் மன்னிக்கும், மெல்லிசு மன்னிக்காது. உங்கள் மனைவி சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

மொத்தக் கணக்கையும் பாருங்கள். நூறு தம்பதியர் ஓராண்டு முழுக்க ஒவ்வொரு முறையும் சரியாக ஆணுறை பயன்படுத்தினால் இருவருக்குக் கரு தங்கும். எல்லாரும் பயன்படுத்துகிற மாதிரி பயன்படுத்தினால் 13 பேருக்கு. இரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் உள்ள இடைவெளி தடிமனால் வருவதில்லை. ‘இன்றைக்கு ஒரு நாள்தானே’ என்று விட்டதும், பாதியில் போட்டதும், எண்ணெய் தடவியதும்தான் அதில் இருக்கிறது.

கிழிந்த உறையைப் பார்த்தே காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். மூடிய நுனியில் வெடித்திருந்தால் நுனியில் காற்று நின்றிருக்கும், அல்லது உலர்ந்துபோய் நுனி மட்டும் இழுபட்டுக்கொண்டே போயிருக்கும். உறைகள் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். வளையத்துக்கு அருகில் சின்னக் கீறல் என்றால் நகம், மோதிரம், இல்லையேல் பல்லால் பொட்டலத்தைக் கடித்துப் பிரித்தது. நீளவாக்கில் பிளந்து, ரப்பர் பிசுபிசுப்பாக இருந்தால் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்து ஜப்பான் பெட்டி. வாங்குமுன் எந்தப் பொருளால் ஆனது என்று பார்க்க வேண்டும். ஒகமோட்டோவின் 003 இயற்கை ரப்பர். 0.02, 0.01 என்று அந்தக் கம்பெனியும் சகாமியும் விற்பவை பாலியூரித்தேன், அதாவது ஒரு வகைப் பிளாஸ்டிக் படலம். அதில் ரப்பர் வாடை இல்லை, வெப்பம் நன்றாகக் கடக்கும், எண்ணெயாலும் கெடாது, ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஏற்றது. ஆனால் ரப்பர் மாதிரி நீளாது. நீளாத பொருளில் அகலம் கொஞ்சம் தவறினாலும் கழலும், அல்லது கிழியும். ரப்பர் அல்லாத உறைகளையும் லேடெக்ஸையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் முன்னவை கூடுதலாகவே கிழிந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே பாலிஐசோபிரீன் என்று ஒன்று உண்டு. செயற்கை ரப்பர், நன்றாக நீளும், மென்மையாக இருக்கும், ஒவ்வாமைக்காரர்களுக்கும் ஆகும். எண்ணெய் மட்டும் இதற்கும் ஆகாது.

விலை ஏன் ஏறுகிறது? கண்ணாடி அச்சை ரப்பர் பாலில் முக்கி எடுத்து, உலர்த்தி, மறுபடி முக்கித்தான் உறை செய்கிறார்கள். சுவர் மெலிய மெலிய, பாலில் ஒரு தூசியோ நுண்குமிழியோ இருந்தாலும் அது அந்த இடத்தை ஓட்டையாக்கிவிடும். கழித்துப்போடும் உறைகள் கூடும், வேகம் குறையும், பாலைக் கூடுதலாகச் சுத்திகரிக்க வேண்டும். இந்தச் செலவு நியாயமானது. மீதி விலை பெட்டி, வாசனை, விளம்பரம், இறக்குமதியில் போகிறது. ஆணுறைக்கு நம் நாட்டில் ஜிஎஸ்டி இல்லை, அதனால் வரியைக் காரணம் சொல்ல முடியாது. நிரோத் 1968-லிருந்து இருக்கிறது. அதைச் செய்யும் எச்எல்எல் பொதுத்துறை நிறுவனம், திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் தொழிற்சாலை. கடையில் விலை கொடுத்து வாங்கும் மூட்ஸும் அதே நிறுவனத்துடையதுதான். இலவசம் என்பதால் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். அதில் குறைவது வழவழப்பும் மணமும் பளபளப்பும்.

வாரம் இரண்டு என்று வைத்தால் வருடத்துக்கு நூறு உறை. 90 ரூபாய்ப் பெட்டியில் 900, 260-இல் 2,600, ஜப்பான் பெட்டியில் 7,500. விலை அதிகமாகும்போது இன்னொரு தொல்லையும் வரும், இதைப் பலர் வெளியே சொல்வதில்லை: ஒன்றுக்கு 75 ரூபாய் என்றால் ‘பாதியில் போட்டுக்கொள்ளலாம்’, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று மிச்சம் பிடிக்கத் தோன்றும். கணக்குப் பார்க்காமல் எடுக்கிற விலையில் உள்ள உறையே உங்களுக்குப் பாதுகாப்பான உறை.

ஆகவே நான் சொல்வது இது. இந்த மாதம் அளவெடுத்து, உங்கள் அகலத்துக்குச் சரியான, மணமோ நிறமோ மருந்தோ இல்லாத சாதாரண லேடெக்ஸ் மூன்று உறைப் பொட்டலம் ஒன்று வாங்குங்கள். கூடவே ஒரு டியூப் ஜெல். புள்ளி வைத்தது, வரி போட்டது எதுவும் வேண்டாம். வறண்ட இடத்தில் அது எரிச்சலைத்தான் கூட்டும். மூன்றையும் ஜெல்லோடு பயன்படுத்திப் பார்த்த பிறகும் உணர்வு போதவில்லை என்றால், அதே அகலத்தில் 0.045-ஐ ஒட்டிய மெல்லிசுக்கு மாறலாம், மனைவி சம்மதித்தால். அதற்கும் கீழே போவதில் கிடைக்கும் கூடுதல் உணர்வு, கொடுக்கும் பணத்துக்கு ஈடாகாது.

போடும் முறை தெரியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம், இருந்தாலும் சொல்கிறேன். காலாவதித் தேதியைப் பாருங்கள். பொட்டலத்தை அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் எங்கோ ஓட்டை, தூக்கிப்போடுங்கள். உறையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வெட்டு இருக்கும் ஓரத்தில் கையால் கிழியுங்கள். கத்தரியும் பல்லும் வேண்டாம். முழு விறைப்பு வந்த பிறகு, மனைவியின் மேல் படுவதற்கு முன்பே போட வேண்டும். நுனியை இரண்டு விரலால் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டே அடிவரை உருட்டுங்கள். உருளவில்லை என்றால் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்; திருப்பிப் போட வேண்டாம், அதை எறிந்துவிட்டுப் புதியது எடுங்கள். பயத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போடுகிறவர்கள் உண்டு; ரப்பரும் ரப்பரும் உரசி இரண்டும் கிழியும். விந்து வந்ததும், விறைப்பு தளர்வதற்குள், வளையத்தை அடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். சந்தேகமாக இருந்தால் கழற்றிய உறையில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். சொட்டினால் 72 மணி நேரக் கணக்கு அப்போதே தொடங்குகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கும் தாயும் சாப்பிடலாம். தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் அதை வைத்திருப்பதில்லை. எங்கே கிடைக்கும் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அரசு மருத்துவமனையிலோ முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

உறைகளை மணிபர்ஸில் வைக்க வேண்டாம், பைக் டிக்கியில் வைக்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் டிக்கிக்குள் இருக்கும் சூட்டில் லேடெக்ஸ் வெகு சீக்கிரம் நொறுங்கத் தொடங்கும். துணி அலமாரிக்குள், குழந்தைக்கு எட்டாத தட்டு போதும்.

மனைவியின் எரிச்சல் ஜெல் போட்ட பிறகும் நிற்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். உறை பட்ட சில நிமிடத்திலேயே அரிப்பு, தடிப்பு, வீக்கம் வருகிறதா? பலூன் ஊதினாலும், ரப்பர் கையுறை பட்டாலும், வாழைப்பழமோ கிவியோ சாப்பிட்டாலும் இப்படி ஆனதுண்டா? ஆம் என்றால் ரப்பர் ஒவ்வாமையாக இருக்கலாம். லேடெக்ஸை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சுத் திணறினால் அன்றே, தாமதிக்காமல். உறவு இல்லாத நாளிலும் அரிப்பு, தயிர் போல வெள்ளைபடுதல் என்றால் பூஞ்சைத் தொற்று. மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது தாய்ப்பால் கொடுப்பதையும் ஆணுறை பயன்படுத்துவதையும் இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். எந்த மருந்து தருவது என்பது அதைப் பொறுத்தது.

அங்கேயே இன்னொன்றையும் கேட்கலாம். இரண்டு மூன்று வருட இடைவெளிதான் நோக்கம், இருவருக்கும் வேறு உறவில்லை, தொற்றும் இல்லை என்றால் ஆணுறை ஒன்றையே நம்ப வேண்டியதில்லை. காப்பர்-டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துவிடலாம். ‘சாயா’ மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவருக்கும் ஏற்றது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் கர்ப்பம் இல்லை என்று உறுதியான பிறகே எதையும் தொடங்க வேண்டும், அதற்கும் அந்த 21-ஆம் நாள் பரிசோதனை தேவை.

கடைசிக் கேள்வி. கழிப்பறையில் போட வேண்டாம். ரப்பர் செப்டிக் டேங்கில் மக்காது, குழாய் வளைவில் போய் அடைத்துக்கொள்ளும். கூட்டுக் குடும்பத்தில் அடைப்பு எடுக்க ஆள் வந்தால் சங்கடம் இன்னும் பெரிது. வாய்ப்பக்கம் முடிச்சுப் போட்டு, பழைய செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். திடக்கழிவு விதிகளில் இது டயப்பர், நாப்கினோடு ஒரே வகை. குழந்தையின் டயப்பரைச் சுற்றிப் போடும் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.